ஊர் பெரிதாகிறது: நகராட்சி முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பேரூராட்சிகளாக இருந்த ஊர்கள் பலவற்றை நகராட்சிகளாக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. சுரண்டை, களக்காடு, முசிறி, லால்குடி, மானாமதுரை, திருச்செந்தூர், உளுந்தூர்பேட்டை என்று அந்தப் பட்டியல் நீண்டது. அதற்குப் பிறகும் ஊர்கள் உயர்ந்துகொண்டுதான் வருகின்றன. சுற்றுப்புறக் கிராமங்கள் நகரத்தோடு சேர்க்கப்படுகின்றன. நமது இதழை வாசிக்கும் வணிகப் பெருமக்களில் பாதிப்பேராவது இப்படிப்பட்ட ஊர்களில் கடை வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

அலுவலக வாசலில் பலகை மாறிவிட்டது. செயல் அலுவலர் இருந்த நாற்காலியில் ஆணையாளர் உட்கார்ந்திருக்கிறார். "ஊர் பெரிதானதில் உங்களுக்கு என்ன கண்டது?" என்று ஒரு மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "வரி கூடியது அண்ணாச்சி, வேறென்ன?" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத்தான் இங்கே விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

நகராட்சி என்னென்ன செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 12-ஆவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் 18 பணிகள் இருக்கின்றன. சாலை, குடிநீர், சுகாதாரம், தெருவிளக்கு, பூங்கா, மயானம், கால்நடைப் பட்டி வரை எல்லாம் உண்டு. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. அதை முடிவு செய்வது அந்தந்த ஊர் மன்றத்தின் வேலை. அந்த முடிவு சரியாக அமைந்தால் பத்து வருடத்தில் ஊர் நிமிர்ந்துவிடும். தவறினால் போட்ட பணத்தையே திரும்பத் திரும்பத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதுக்கடை திறக்கிறவன் என்ன செய்கிறான்? முதலில் குடோன் ஒழுகுகிறதா, தரை ஓதம் ஏறுகிறதா, எலி வளை இருக்கிறதா என்று பார்க்கிறான். பெயர்ப்பலகைக்குக் கடைசியில்தான் சொல்லுகிறான். நமது ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. அலங்கார வளைவு வந்துவிடும், நாற்சந்தியில் நீரூற்று வந்துவிடும், மாடி வைத்த வணிக வளாகமும் வந்துவிடும். மழை பெய்தால் கடைவீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது

எதைக் கேட்பதற்கும் முன்னால் நகராட்சியின் கல்லாப்பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வருமானம் என்பது சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், நகராட்சிக் கடைகளின் வாடகை, தினசரி மார்க்கெட், வாரச்சந்தை, பஸ் நிலையம் ஆகியவற்றின் குத்தகை, தண்ணீர்க் கட்டணம். இந்த வரிசையைத் திரும்பவும் படியுங்கள். வீட்டுச் சொத்து வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் தள்ளிவிட்டால் மீதியில் பெரும்பகுதி வியாபாரிகள் கட்டுவது. தொழில் வரிக்கு மட்டும் அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

வெளியிலிருந்து வருவது இரண்டு வகை. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை ஊராட்சி, நகராட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பங்கிட்டுத் தருகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் மற்றொன்று. 2021 முதல் 2026 வரையான காலத்திற்கு 15-ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியத்தில், நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும், சுகாதாரம், குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டு இருந்தது. அதே ஆணையம், சொத்து வரியை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தி வந்தால்தான் மானியம் கிடைக்கும் என்றும் நிபந்தனை போட்டது. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் அளவுக்குத் தக்கபடி 50, 75, 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கடைக் கட்டடங்களுக்கு நேராக 100 சதவீதம். அதாவது ஆயிரம் ரூபாய் கட்டியவர் இரண்டாயிரம் கட்ட வேண்டி வந்தது.

வரி உயர்வு சரியா தவறா என்று இங்கே வழக்காட நான் வரவில்லை. அதைச் சங்கங்கள் அப்போதே பேசின. கட்டுகிற பணத்துக்குக் கணக்குக் கேட்கிற உரிமை இரட்டிப்பாகியிருக்கிறது என்பதுதான் என் கட்சி. இடையில் ஒரு சிறு லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். ரொக்கக் கொள்முதலுக்கு ஒரு சதவீதம் கழிவு கேட்டு மன்றாடுகிற நாம் இதை விட்டுவிடக் கூடாது.

நகராட்சிக் கணக்கில் மூன்று தனித்தனி நிதிகள் உண்டு. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. வரவு செலவுத் திட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் இரண்டாவதைப் பாருங்கள். அதில் பற்றாக்குறை விழுந்து, வருவாய் நிதியில் வளைவும் பூங்காவும் இருந்தால் அந்த ஊரின் வரிசை கெட்டுப்போயிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

தண்ணீர், பிறகு வடிகால், பிறகு சாலை

என் அபிப்பிராயத்தில் வளரும் ஊருக்கு வேலை வரிசை இதுதான். மண்ணுக்கு அடியில் போக வேண்டியவை எல்லாம் போன பிறகே மேலே ஒரு கூடை ஜல்லி கொட்ட வேண்டும்.

பல ஊர்களில் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று தீர்மானம் போடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடை தானாக ஓடாது. அதைத் தண்ணீர்தான் தள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் கிடைக்கிற ஊரில்தான் அது ஒழுங்காக ஓடும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கிற கணக்கு. பேரூராட்சிக்கு 70 லிட்டர், நகராட்சிக்கு 90 லிட்டர் என்றுதான் நெடுங்காலம் குடிநீர்த் திட்டங்கள் போடப்பட்டன. நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் கோடிகளைக் கொட்டிப் பாதாளச் சாக்கடை அமைத்தால் குழாய்க்குள் கழிவு தங்கும், ஆள்நுழைக் குழி பொங்கும், அதுவும் நம் கடை வாசலில்தான் பொங்கும்.

அப்படியானால் அதுவரை செப்டிக் டேங்க் கழிவை என்ன செய்வது? டேங்கர் லாரிக்காரர் இரவோடு இரவாக ஊருணியிலோ ஓடையிலோ கொட்டுவதைத் தடுக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி ஒரு சிறிய பேரூராட்சிதான். அங்கே 2017-இல் செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிப்பதற்கென்றே ஒரு நிலையம் அமைத்தார்கள். பக்கத்திலுள்ள மதுராந்தகத்துக் கழிவையும் அங்கே கொண்டுவந்து சேர்க்க வழி செய்தார்கள். தெருத் தெருவாகத் தோண்டாமலேயே ஒரு சின்ன ஊர் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அடுத்தது மழைநீர் வடிகால். ஒவ்வொரு வார்டிலும் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று துண்டு துண்டாக வேலை விடுகிறார்கள். உறுப்பினர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிறது. கல்வெட்டும் வைக்க முடிகிறது. ஆனால் துண்டு வாய்க்கால் எங்கே போய் விழுகிறது? ஒன்றின் அடிமட்டம் மற்றொன்றைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் எப்படிப் போகும்? வடிகாலைக் கடைசி முனையிலிருந்து, அதாவது ஓடையிலோ கண்மாய்க் காலிலோ போய் விழும் இடத்திலிருந்து தொடங்கி ஊருக்குள் கொண்டுவர வேண்டும். ஊர் முழுவதற்கும் மட்டம் எடுத்து ஒரே வரைபடம் போட்டுவிட்டால் பிறகு ஆண்டுக்குக் கொஞ்சமாகச் செய்தாலும் பரவாயில்லை. வரைபடம் இல்லாமல் கட்டும் வாய்க்கால் கொசு வளர்க்கும் தொட்டி.

மூன்றாவதாகத்தான் சாலை. அதிலும் ஒரு விஷயம் கடைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. பழைய தார்ச் சாலையின் மேலேயே புதுத்தார் போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு இரண்டு மூன்று அங்குலம் உயரும். நாலு முறை போட்டால் தெரு உயர்ந்து கடை பள்ளமாகிவிடும். படி ஏறிப் போன கடைகளில் இப்போது படி இறங்கிப் போகிற காட்சியை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்! பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த திரு. இறையன்பு 2021-இல் அறிவுறுத்தினார். கடைவீதியில் சாலை போட ஆள் வரும் நாளில் சங்க நிர்வாகிகள் இருவர் போய் நின்று, "சுரண்டுகிற இயந்திரம் எங்கே?" என்று கேட்க வேண்டும். தார் ஊற்றிய பிறகு மனுக் கொடுத்துப் பயன் இல்லை.

இதில் நமக்குள்ள நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்போம். ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை, கிலோ 42 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,100 ரூபாய். அட்டியலில் அடிவரிசையில் பத்து மூட்டை நனைந்தால் 21,000. மைதா, ரவை, பொட்டுக்கடலை எல்லாம் நனைய வேண்டியதில்லை, ஓதம் தட்டினாலே கழிவு விலைக்குத்தான் போகும். சிறிய கடைக்காரர் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் அபூர்வம். ஒரு ராத்திரி மழை, அவருடைய பல வருடத்துச் சொத்து வரியைவிட அதிகமாகத் தின்றுவிடுகிறது.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் கடைவீதிக்குள் வெள்ளம் புகுந்து, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் சரக்குக் கொடுத்துவந்த வியாபாரிகள் இருப்பு முழுவதையும் இழந்து நின்றார்கள். அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது. நியாயமாகப் பேச வேண்டும். ஆனால் வருடாவருடம் ஐப்பசியில் பெய்யும் சாதாரண மழைக்கே கடைக்குள் தண்ணீர் வருகிறது என்றால் அதற்கு ஆகாயத்தைக் குறை சொல்ல முடியாது. சாக்கடை மூடிமேல் படிக்கட்டு கட்டியும் மூட்டை அடுக்கியும் தூர்வார விடாமல் செய்கிற சில கடைக்காரர்களையும் சேர்த்தே குறை சொல்ல வேண்டும்.

மார்க்கெட், லாரி, குப்பை

இந்த மூன்றும் முடிந்தால் அடுத்தது வியாபாரம் நடக்கிற இடம். இதில் நகராட்சிகளுக்குப் பெரிய ஆசை வணிக வளாகம். பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டுகிறார்கள். கீழ்த்தளத்துக் கடைகள் ஏலத்தில் வானத்துக்குப் போகும். முப்பது வருடம் வெங்காயம் விற்றவர் அந்த முன்வைப்புத் தொகையைக் கட்ட முடியாமல் வெளியே நிற்பார். மாடிக் கடைகளுக்கு ஆளே வராது. ஐந்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கட்டக் கடன் வாங்கியிருந்தால் தவணையை அந்த வாடகையிலிருந்துதான் அடைக்க வேண்டும். மாடி காலியாகக் கிடந்தால் தவணை யார் தலையில் விழும்? குடிநீருக்கும் விளக்குக்கும் போக வேண்டிய பணத்தில்தான் விழும். ஆகவே இடிப்பதற்கு முன்பே, இப்போது கடை வைத்திருப்பவர்களுக்கு மாற்றிடம் எங்கே, எத்தனை மாதம், திரும்ப வரும்போது முன்னுரிமை உண்டா என்பதை மன்றத் தீர்மானத்திலேயே எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது.

மார்க்கெட்டுக்கு மாடி வேண்டாம். ஓடு மாற்றிய நல்ல கூரை, தண்ணீர் தேங்காத தரை, கழுவிவிடக் குழாய், லாரி பின்புறமாக வந்து திரும்ப இடம், இவை போதும். அதோடு பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும். இதை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கீரைக்கட்டோடு பஸ் ஏறி வருகிற அம்மா மாலை வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஜவுளியும் மளிகையும் வாங்கக் கிராமத்திலிருந்து வரும் பெண்கள் பாதி வாங்கியதோடு அவசரமாக ஊர் திரும்புகிறார்கள். நூறு பேர் உபயோகிக்கிற சுத்தமான கழிப்பிடம் கடைவீதிக்குக் கொண்டுவரும் வியாபாரத்தை எந்த அலங்கார வளைவும் கொண்டுவராது.

லாரி விஷயத்தில் மொத்த வியாபாரியான நான் சொன்னால் சுயநலம் என்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். பகல் பத்து மணிக்குக் கடைவீதியில் லாரியை நிறுத்திச் சரக்கு இறக்குவது யாருக்கும் லாபமில்லை. புறவழிச்சாலை ஓரத்தில் லாரி நிற்க ஓர் இடம், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை இறக்க அனுமதி, அந்த நேரத்தில் தெருவிளக்கு. இவ்வளவும் கிடைத்தால் மண்டிகளை உடனே ஊருக்கு வெளியே தூக்க வேண்டிய அவசியமில்லை. சென்னைக் கொத்தவால் சாவடியை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றியது அந்த நகரத்தின் அளவுக்குத் தேவைப்பட்டது. இருபது முப்பது மண்டி உள்ள ஊருக்கு அது பொருந்தாது. சில்லறைக் கடைக்காரர் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் வந்து சரக்கு எடுக்கிற தூரத்தில் மண்டி இருந்தால்தான் இருவருக்கும் பிழைப்பு.

தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றி நம்மவர்களுக்குள் கசப்பு உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் இடமுண்டு. நமது இடத்தில் நாம் உட்கார்ந்து, எந்தத் தெரு, எந்த நேரம் என்று பேசி முடிப்பதுதான் வழி. பூக்காரியும் பழவண்டியும் இல்லாத தெருவில் கூட்டமும் இருக்காது.

குப்பைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது; அபராதம் போட வருகிறவர்கள் நம்மிடம்தான் முதலில் வருகிறார்கள். அதே அதிகாரிகளிடம், மார்க்கெட் காய்கறிக் கழிவை உரமாக்கும் கொட்டகை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று நாமும் கேட்கலாம்.

யாரிடம், எப்போது கேட்பது

2016 அக்டோபர் முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்த ஐந்தரை ஆண்டுகளில் கடைக்காரர் போய்ச் சண்டை போடக்கூட ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகுதான் மன்றங்கள் வந்தன. அதே ஆண்டு வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கு விதிகள் போட்டு, நவம்பர் முதல் தேதி முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை போலத்தான் இதுவும். எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்று சொல்லக்கூடிய இடம் இது. கடைவீதி வார்டுகளில் இந்தக் கூட்டத்துக்கு வியாபாரிகள் வருவது மிகக் குறைவு என்பதைக் கண்ணால் பார்த்து வருகிறேன். கல்லாவில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் போய்வரலாம்.

பக்கத்துக் கிராமங்களை நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வரும்போதும் நாம் சும்மா இருக்கக் கூடாது. எல்லை விரிந்தால் வரி கூடும் என்று மட்டும் மன்றத்தார் பார்ப்பார்கள். நகராட்சிக்குள் வந்துவிட்ட கிராமத்தில் ஊரக வேலைத் திட்டம் நின்றுபோகும். அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளின் மளிகைப் பாக்கி தீர்கிறது என்பது கடன் நோட்டு வைத்திருக்கும் நமக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது.

நம் முன்னோர்கள் நகராட்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். பெருந்தலைவர் காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படிப்பட்ட ஒரு பள்ளி. மகமைக்குக் கணக்கு உறவின்முறைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். எவரும் எழுந்து கேட்கலாம். இன்று நாம் கட்டுவது அதைவிடப் பெரிய மகமை. அதன் கணக்கு வாசிக்கிற கூட்டத்துக்கு நாம் போவதில்லை.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை மார்ச் மாத முடிவுக்குள் மன்றத்தில் வைப்பார்கள். பிப்ரவரியில் மனுக் கொடுத்தால் தாமதம். அதற்குள் பட்டியல் தயாராகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மார்கழிக்குள் கடைவீதியை ஒரு முறை நடந்து பார்த்து, தண்ணீர் நிற்கும் இடங்கள், அடைபட்ட பாலங்கள், எரியாத விளக்குகள், கழிப்பிடத்துக்கு ஏற்ற இடம் ஆகியவற்றைத் தெருப் பெயரோடு ஒரே தாளில் எழுதிக்கொள்ளட்டும். தாளில் மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதினால் ஒன்றும் நடக்காது. ஆணையாளர், நகர்மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர் மூவருக்கும் பிரதி கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கி வையுங்கள். திட்டம் வெளியான பிறகு அந்தத் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது வந்தது, எது வரவில்லை என்று ஏப்ரல் மாத சங்கக் கூட்டத்தில் வாசித்துவிடலாம்.